போல்ட் ஏறினால் போதுமா? வேறு வண்டியின் பின் ஷாக்கை மாட்டும் முன்

“பெரிய வண்டி ஷாக்கைத் தூக்கி மாட்டுங்கண்ணே, மெத்தை மாதிரி போகும்.” மதுரையில் எந்த டூவீலர் பட்டறை வாசலில் கால் மணி நேரம் நின்றாலும் இது காதில் விழும். சொல்கிறவர் பெரும்பாலும் மெக்கானிக்காக இருக்க மாட்டார். பக்கத்தில் பஞ்சருக்கு வந்து நிற்பவராக இருப்பார். அவருடைய மச்சானோ சித்தப்பா மகனோ ஏற்கெனவே மாட்டியிருப்பார். “சும்மா பறக்குதாம்” என்பதுதான் ஆதாரம்.

நானும் மாட்டினேன். அப்பாவின் 100 சிசி வண்டிக்கு, அதைவிட ரொம்பவே கனமான ஒரு வண்டியின் ஜோடி ஷாக். போல்ட் ஏறியது. ஆளுக்கொரு வாஷர் கூடுதலாகப் போட்டதும் ஆட்டமும் நின்றது. பார்க்கக் கம்பீரமாகவே இருந்தது. அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து மாட்டுத்தாவணியிலிருந்து அழகர்கோவில் போனோம். இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அம்மா சொன்னார்: “நீ போ. நான் பஸ்ஸுல வந்துக்கிறேன்.”

மாட்ட முடிவது வேறு, பொருந்துவது வேறு. ஷாக் மாற்றும் பேச்சில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. போல்ட் ஏறுகிறதா என்று பட்டறையில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பொருந்துகிறதா என்று தெரிய, ஷாக் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பெருக்கல் வகுத்தலைத் தாண்டி இதற்கு எதுவும் தேவையில்லை.

தொட்டில் ஸ்பிரிங்கும் முறுக்கு உரலும்

ஷாக் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அது இரண்டு சாமான். வெளியே தெரியும் சுருள் ஒன்று, அதற்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய்க் குழாய் ஒன்று. இரண்டுக்கும் வேலை வேறு.

சுருளைப் புரிந்துகொள்ள வீட்டுத் தொட்டில் ஸ்பிரிங் போதும். பிள்ளையைப் போட்டு ஒரு தடவை இழுத்துவிட்டால் தொட்டில் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டே இருக்கும். பிள்ளை தூங்க அது நல்லது. அதே ஸ்பிரிங்கை மட்டும் பைக்கின் பின்னால் வைத்தால், ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ஆரம்பித்த ஆட்டம் அடுத்த ஸ்பீடு பிரேக்கர் வரைக்கும் ஓயாது.

அந்த ஆட்டத்தை அடக்கத்தான் எண்ணெய்க் குழாய். இதற்கு டேம்பர் என்று பெயர். முறுக்கு உரலை நினைத்துக்கொள்ளுங்கள். நிதானமாக அழுத்தினால் மாவு இறங்கிக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டு அழுத்தினால் உரல் எதிர்த்து நிற்கும், கைதான் வலிக்கும். டேம்பரில் மாவுக்குப் பதில் எண்ணெய், அச்சுக்குப் பதில் துளை போட்ட பிஸ்டன். சக்கரம் வேகமாக ஏறி இறங்க முயன்றால் எண்ணெய் அந்தச் சின்னத் துளைகள் வழியே நெருக்கியடித்துப் போக வேண்டியிருக்கும். ஆட்டத்தின் சக்தி அங்கே வெப்பமாக மாறிப்போகும். மோசமான ரோட்டில் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டேம்பரின் உடம்பைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும்.

எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஆட்டத்தை அடக்குவது டேம்பர். “ஷாக் போயிருச்சு” என்று நாம் சொல்வதற்குள் இரண்டு தனித்தனி நோய்கள் இருக்கின்றன. எண்ணெய் கசிந்துவிட்டால் வண்டி தொட்டில் மாதிரி ஆடும். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் பின்பக்கம் தணிந்தே கிடக்கும். எது என்று தெரியாமல் வைத்தியம் பார்க்கப் போவதில்தான் பாதிப் பணம் போகிறது.

ஸ்பிரிங்: பழைய பேப்பர்காரரின் தராசு

தெருவில் பழைய பேப்பர் எடுக்க வருகிறவர் கையில் கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசு இருக்கும். ஒரு கிலோ தொங்கவிட்டால் முள் ஒரு கோடு இறங்கும், இரண்டு கிலோவுக்கு இரண்டு கோடு. எடைக்குத் தகுந்த நீட்சி என்ற இந்த விதியை 1678-ல் ராபர்ட் ஹூக் எழுதிவைத்தார். ஷாக்கின் ஸ்பிரிங் நீளுவதற்குப் பதில் அமுங்குகிறது, மற்றபடி அதே கதைதான்.

ஒரு ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை கிலோ வேண்டும் என்பதுதான் ஸ்பிரிங் ரேட். 2 கிலோ ரேட் உள்ள ஸ்பிரிங்கை 25 மில்லிமீட்டர் அமுக்க 50 கிலோ வேண்டும். கம்பெனிக்காரர்கள் கிலோவுக்குப் பதில் நியூட்டன் என்று எழுதுவார்கள். 1 கிலோ என்பது 9.8 நியூட்டன், ஆகவே அவர்கள் எண் ஏறக்குறைய பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். சில ஸ்பிரிங்குகள் ஒரு முனையில் நெருக்கமாகவும் மறு முனையில் இடைவெளி விட்டும் சுற்றியிருக்கும். அவை முதலில் இளகியும் போகப் போக இறுகியும் அமுங்கும். இந்தக் கட்டுரைக்கு அது தேவையில்லை.

ஒவ்வொரு வண்டிக்கும் அதன் எடை, அதில் ஏறும் ஆட்கள், சுமை எல்லாம் கணக்குப் போட்டுத்தான் ரேட் வைக்கிறார்கள். ஸ்ப்ளெண்டர் பிளஸ் 112 கிலோ. கிளாசிக் 350 வண்டி 195 கிலோ. 195 கிலோவுக்கு என்று செய்த ஸ்பிரிங்குக்கு 112 கிலோ வண்டி ஒரு பொருட்டே இல்லை, அசையாது. அசையாத ஸ்பிரிங் ரோட்டின் அடியை அப்படியே சீட்டுக்கு அனுப்பும். “பெரிய வண்டி ஷாக், அதனால் சொகுசு” என்பது தலைகீழ்க் கணக்கு. பெரிய வண்டி சொகுசாகப் போவதற்கு ஒரு காரணம் அதன் எடை. அந்த எடையை நாம் கழற்றிக்கொண்டு வருவதில்லை, ஷாக்கை மட்டும் கழற்றிக்கொண்டு வருகிறோம்.

ஸ்டெப் வைத்தால் ஸ்பிரிங் இறுகுமா?

ஊரெல்லாம் தப்பாகப் புரிந்துவைத்திருக்கும் விஷயம் இதுதான் என்பேன். ஷாக்கின் கீழே படி படியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். சி ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினால் ஒவ்வொரு ஸ்டெப்பாக ஏறும். “அஞ்சாவது ஸ்டெப்புல வச்சா ஸ்பிரிங் டைட் ஆயிரும்” என்பார்கள். ஆகாது. ஸ்பிரிங் ரேட் என்பது கம்பியின் தடிமன், சுற்றுகளின் எண்ணிக்கை, சுருளின் அகலம் ஆகியவற்றில் இருக்கிறது. வளையத்தைத் திருப்பி அதை மாற்ற முடியாது.

அப்படியானால் ஸ்டெப் என்ன செய்கிறது? ஷாக்குக்குள் ஸ்பிரிங் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. ஏற்கெனவே கொஞ்சம் அமுக்கித்தான் வைத்திருப்பார்கள். இந்த முன்கூட்டிய அமுக்கம்தான் பிரீலோடு. ஸ்டெப்பை ஏற்றினால் பிரீலோடு கூடும்.

எடைத் தராசுக்கே திரும்புவோம். முள்ளை முன்னாலேயே இரண்டு கிலோ கோட்டுக்கு இழுத்து அங்கே ஓர் ஆணி அடித்துத் தடுத்துவிட்டதாக வையுங்கள். இப்போது முதல் இரண்டு கிலோ பேப்பருக்கு முள் அசையவே அசையாது. மூன்றாவது கிலோவிலிருந்து பழையபடி கிலோவுக்கு ஒரு கோடுதான். தராசு இறுகவில்லை, தொடங்கும் இடம்தான் தள்ளிப்போனது.

ஷாக்கில் இதையே எண்ணாகப் பார்க்கலாம். ரேட் 2 கிலோ, அந்த ஷாக்கின் மேல் வரும் பாரம் 50 கிலோ. ஸ்பிரிங் மொத்தம் 25 மில்லிமீட்டர் அமுங்கியே ஆக வேண்டும். பிரீலோடு 10 மில்லிமீட்டர் என்றால் மீதி 15-க்கு ஷாக் சுருங்கும். ஸ்டெப்பை ஏற்றி 15 ஆக்கினால் ஷாக் 10 மட்டுமே சுருங்கும். வண்டி 5 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்து ஒரு மேட்டில் ஏறி இன்னும் 20 மில்லிமீட்டர் அமுங்க, முன்பும் 40 கிலோ கூடுதல் தேவைப்பட்டது, இப்போதும் அதே 40 கிலோதான்.

“ஆனா டைட்டாத்தானே தெரியுது?” என்று கேட்பீர்கள். பாரத்தைவிட பிரீலோடு அதிகமாகிவிட்டால், சின்னச் சின்ன மேடுகளுக்கு ஷாக் அசையவே ஆரம்பிக்காது. ஆணி அடித்த தராசில் முதல் இரண்டு கிலோ மாதிரி. அதைத்தான் இறுக்கம் என்று உணர்கிறோம்.

ஸ்டெப் எதற்கென்றால், சரியான அமுங்கலுக்கு. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறதோ அதுதான் அமுங்கல். பந்தய ஆட்கள் ‘சேக்’ என்பார்கள். சக்கரம் மொத்தமாக மேலும் கீழும் போகக்கூடிய தூரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இது இருந்தால் நல்லது. கொஞ்சமும் இறங்கக்கூடாது என்று நினைப்பது தப்பு. ரோட்டில் மேடு மட்டுமா இருக்கிறது, பள்ளமும் இருக்கிறதே. பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கித் தரையைப் பிடிக்க இடம் வேண்டும். அந்த இடத்தைத் தருவது இந்த அமுங்கல்தான்.

அளப்பதும் எளிது. டபுள் ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிறுத்துங்கள். ஆக்சிலின் நடுவிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழ் ஏதாவது ஒரு புள்ளி வரை டேப்பில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்து, வழக்கமாக ஓட்டும்போது எத்தனை பேரோ அத்தனை பேரும் உட்கார்ந்து, இன்னொருவரை விட்டு அதே அளவை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அமுங்கல். என் ‘கம்பீரமான’ ஷாக்கில் இதை அளந்தபோது, அம்மாவும் நானும் உட்கார்ந்தும் ஒரு விரல்கடை அளவுகூட வரவில்லை.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: ரேட் என்பது ஸ்பிரிங்கின் குணம், அதை மாற்ற ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். பிரீலோடு என்பது நிற்கும் உயரம், அதை ஸ்டெப்பில் மாற்றலாம். வேறு வண்டி ஷாக்கில் ரேட் ஒவ்வாவிட்டால் எந்த ஸ்டெப்பும் காப்பாற்றாது.

எண்ணெய் செய்யும் வேலை

டேம்பருக்கு இரண்டு திசையிலும் வேலை. சக்கரம் மேலே ஏறும்போது அடக்குவது கம்ப்ரஷன், அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப விரியும்போது அடக்குவது ரீபவுண்டு. சாதாரண ரோட்டு வண்டிகளில் ரீபவுண்டுதான் பலமாக இருக்கும். ஸ்பிரிங் விரியும் வேகத்தைப் பிடித்து நிறுத்த வேண்டுமே.

ஸ்பிரிங்குக்குத் தகுந்த ரீபவுண்டு வேண்டும். கனமான ஸ்பிரிங், இளகிய டேம்பர் என்றால் மேட்டைத் தாண்டியதும் பின்பக்கம் உதைத்துத் தூக்கும். இதற்கு எதிர்ப்பதம்தான் சுவாரசியமானது. ஸ்பீடு பிரேக்கருக்கு முன்னால் ஐந்தாறு வரியாகச் சின்ன மேடுகள் போட்டிருப்பார்களே, அதில் ஏறுங்கள். ரீபவுண்டு அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தால், முதல் மேட்டில் அமுங்கிய ஷாக் முழுசாக விரிவதற்குள் இரண்டாவது மேடு வந்துவிடும். இன்னும் அமுங்கும். மூன்றாவதில் இன்னும். ஆறாவது மேட்டில் ஷாக் அடிமட்டத்தில் கிடக்கும், அசைய இடமே இருக்காது. ஓட்டுகிறவருக்கு “ஷாக் ரொம்ப ஹார்டா இருக்கு” என்று தோன்றும். உண்மையில் அது திரும்பி வர நேரம் கிடைக்காமல் சோர்ந்து கிடக்கிறது.

நத்தம் சாலையில் 2023-ல் திறந்த 7.3 கிலோமீட்டர் மேம்பாலம் இதைச் சோதிக்க நல்ல இடம். பாலத்தின் இணைப்புகள் இடைவெளி விட்டு வந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு ‘தொம்’, உடனே அடக்கம் என்றால் டேம்பர் நலம். ‘தொம்’முக்குப் பிறகு இரண்டு மூன்று ஆட்டம் இருந்தால் எண்ணெய் தீர்ந்துகொண்டிருக்கிறது.

இனி கேஸ் ஷாக். பெயரைக் கேட்டால் கேஸ்தான் வண்டியைத் தாங்குகிறது என்று தோன்றும். தாங்குவது அதே ஸ்பிரிங்தான். டீ மாஸ்டர் ஆற்றும்போது டீயில் நுரை வருவதுபோல, பிஸ்டன் ஓயாமல் மேலும் கீழும் போனால் எண்ணெயிலும் குமிழி வரும். நுரைத்த எண்ணெய் துளை வழியே சுலபமாக ஓடிவிடும், எதிர்ப்பு இருக்காது. நைட்ரஜனை அழுத்தத்தில் அடைத்துவைத்தால் குமிழி கிளம்புவது குறையும். கேஸின் முதல் வேலை இதுதான். பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்னக் குடுவை பல நல்ல ஷாக்குகளில் அந்த நைட்ரஜனுக்கான இடம். மலிவான சிலவற்றில் அது வெறும் அலங்காரம், உள்ளே டேம்பரோடு எந்தத் தொடர்பும் இருக்காது. தங்க நிறக் குடுவையைப் பார்த்து மயங்கினவர்களில் நானும் ஒருவன்.

அடிபம்பு: எல்லோரும் விட்டுவிடும் கணக்கு

இதுவரை சொன்னது ஓரளவு பலருக்கும் தெரிந்ததுதான். இனி வருவதைப் பட்டறைப் பேச்சில் நான் கேட்டதே இல்லை. ஆனால் ஒரு வண்டி ஷாக் இன்னொரு வண்டிக்குச் சரிப்படுமா என்பதை முடிவுசெய்வதே இதுதான்.

தெருமுனை அடிபம்பை நினைத்துப் பாருங்கள். கைப்பிடியை ஒரு முழம் இறக்கினால் உள்ளே கம்பி நாலு விரல்தான் ஏறும். தூரம் குறைகிற அளவுக்கு அங்கே விசை கூடும். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மும் இப்படி ஒரு நெம்புகோல்தான். ஒரு முனை சேஸில் கீல் போல மாட்டியிருக்கிறது, மறு முனையில் சக்கரம். ஷாக் நடுவில் எங்கே பிடித்திருக்கிறது என்பதுதான் கேள்வி. சக்கரம் நகரும் தூரத்தை ஷாக் சுருங்கும் தூரத்தால் வகுத்தால் கிடைப்பதற்கு நெம்பு விகிதம் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இரண்டு பக்கமும் ஷாக் உள்ள பழைய பாணி வண்டியில், ஷாக் ஆக்சிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். விகிதம் ஏறக்குறைய 1. சக்கரம் 20 மில்லிமீட்டர் ஏறினால் ஷாக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு சுருங்கும். நடுவில் ஒற்றை ஷாக் உள்ள மோனோஷாக் வண்டியில், ஷாக் கீலுக்குப் பக்கமாக இருக்கும். விகிதம் இரண்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் 50 மில்லிமீட்டர் ஏறினால் ஷாக் 20 மட்டும் சுருங்கும். சக்கரத்தில் 100 கிலோ என்றால் ஷாக்கில் 250 கிலோ இறங்கும்.

விசை இரண்டரை மடங்கு கூடுகிறது, தூரம் இரண்டரை மடங்கு குறைகிறது. இரண்டும் சேர்ந்து வேலை செய்வதால் ஸ்பிரிங் ரேட்டை விகிதத்தால் ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை வகுக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் உணரும் ரேட் கிடைக்கும்.

ஒரே மோனோஷாக்கை எடுத்துக்கொள்வோம், ஸ்பிரிங் ரேட் 12 கிலோ. விகிதம் 2 உள்ள வண்டியில் மாட்டினால் சக்கரத்துக்கு 3 கிலோ. விகிதம் 2.5 என்றால் 1.9 கிலோ. விகிதம் 3 என்றால் 1.3 கிலோதான். பின்னால் 100 கிலோ பாரம் வைத்தால், பிரீலோடைக் கணக்கில் எடுக்காமல், முதல் வண்டி 33 மில்லிமீட்டர் இறங்கும், இரண்டாவது 52, மூன்றாவது 75. அதே ஷாக், அதே பாரம். ஒன்றில் கல், இன்னொன்றில் களிமண்.

“என் பிரெண்டு வண்டியில இந்த ஷாக் சூப்பரா இருக்கு” என்பதற்கு அர்த்தம் இல்லாமல் போவது இங்கேதான். ஷாக்கின் மீது அடித்திருக்கும் எண், அது எந்த வண்டியிலிருந்து வந்ததோ அந்த வண்டியின் நெம்போடு சேர்த்துத்தான் செல்லும். டேம்பருக்கும் இதே இரட்டை வகுத்தல்தான்.

ஜோடி ஷாக்கிலும் இது தப்பாது, ஆனால் விகிதம் வண்டிக்கு வண்டி அவ்வளவாக மாறாது. அதனால்தான் ஜோடி ஷாக் மாற்றியவர்களில் சிலர் அதிர்ஷ்டத்தில் தப்பிக்கிறார்கள். மோனோவில் அதிர்ஷ்டத்துக்கு இடம் குறைவு. இந்த ஒற்றை ஷாக் யோசனை பழசுதான். பெல்ஜியத்தைச் சேர்ந்த லூசியன் டில்கென்ஸ் உருவாக்கியதை யமஹா வாங்கி, 1973-ல் மோட்டோகிராஸ் உலகப் பந்தயத்தில் ஜெயித்துக் காட்டியது. நம் ரோட்டில் 2004-ல் ஹோண்டா யூனிகார்ன் மோனோஷாக்கோடு வந்தது. ஹிமாலயன் போன்ற வண்டிகளில் ஷாக்குக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவே லிங்கேஜ் என்ற இணைப்புத் துண்டுகள் இருக்கும். அங்கே நெம்பு விகிதம் சக்கரம் ஏற ஏற மாறிக்கொண்டே போகும். அதில் வேறு வண்டி ஷாக்கை யோசிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

சுருக்கமாக: ஷாக் எவ்வளவு பலமானது என்று கேட்பதற்கு முன், அது எந்த நெம்புக்குச் செய்தது என்று கேளுங்கள்.

நீளம்: பத்து மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது?

ஷாக்கின் நீளம் என்றால் மேல் துளையின் நடுவிலிருந்து கீழ்த் துளையின் நடு வரை. நடுவைக் கண்டுபிடிப்பது சிரமமாக இருந்தால் ஒரு குறுக்கு வழி உண்டு. இரண்டு துளையும் ஒரே அளவாக இருந்தால், மேல் துளையின் மேல் விளிம்பிலிருந்து கீழ்த் துளையின் மேல் விளிம்பு வரை அளந்தால் அதே எண் கிடைக்கும்.

“ஒரு சென்டிமீட்டர்தானே கூட, ஏறிரும்” என்பார்கள். நெம்பு விகிதம் இரண்டரை உள்ள வண்டியில் அந்த ஒரு சென்டிமீட்டர் பின்சக்கரத்தில் இரண்டரை சென்டிமீட்டர். 1,300 மில்லிமீட்டர் சக்கர இடைவெளி உள்ள வண்டி அதனால் முன்பக்கமாக ஒரு டிகிரிக்குச் சற்று மேலாகவே சாயும். ஒரு டிகிரி என்பது ஹேண்டில்பாருக்குப் பெரிய விஷயம்.

ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் தண்டுக்குக் கொஞ்சம் பின்னால் சக்கரம் தரையைத் தொடும், அதனால்தான் தள்ளும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்கிறது. பைக்கின் முன்சக்கரத்திலும் இந்தப் பின்தங்கல் உண்டு. வண்டி நேராகப் போக அதுவே காரணம். பின்பக்கத்தை உயர்த்தினால் இது குறையும். வளைவில் வண்டி சட்டென்று திரும்பும், சிலருக்கு அது பிடிக்கும். நாலுவழிச் சாலையில் லாரி காற்று அடிக்கும்போது ஹேண்டில் நெளியும், அது யாருக்கும் பிடிக்காது.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. டபுள் ஸ்டாண்டு போட்டாலும் பின்சக்கரம் தரையை விட்டு எழாது. சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகமாகச் சாயும். ஹெட்லைட் குனிந்துவிடும், ராத்திரி வெளிச்சம் முன்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே விழும். செயினும் கவனிக்க வேண்டிய இடம். என்ஜின் பல்சக்கரம், ஸ்விங் ஆர்மின் கீல், ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் அதிகபட்சமாக இறுகும். ஷாக் நீளம் மாறினால் வண்டி நிற்கும்போது அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதும் மாறும். பழைய தளர்ச்சி அளவையே வைத்துக்கொள்ளக்கூடாது.

நீளம் சரியாக இருந்தும் ஓர் ஆபத்து பாக்கி இருக்கிறது. ஷாக் எவ்வளவு தூரம் சுருங்கும் என்பது ஸ்ட்ரோக். நீளம் ஒன்றாகவும் ஸ்ட்ரோக் அதிகமாகவும் இருந்தால், பெரிய பள்ளத்தில் விழும்போது டயர் போய் மட்கார்டில் உரசும். மோனோவில் ஸ்விங் ஆர்மே எதிலாவது இடிக்கலாம். இதைச் சோதிக்க ஒரே வழி: டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி ஷாக்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் தூக்குங்கள். டயர் எதையாவது தொடப்போகும் இடத்தில் நிறுத்தி, ஷாக் மாட்டும் இரண்டு போல்ட்டுக்கும் இடையே அளங்கள். புது ஷாக்கின் நீளத்தில் ஸ்ட்ரோக்கைக் கழித்தால் வரும் எண் இதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். கொஞ்சம்தான் பெரிது என்றால்கூட நான் மாட்ட மாட்டேன்.

புஷ், போல்ட், லேத் பட்டறை

துளையில் ரப்பர் புஷ்ஷும் அதற்குள் இரும்புக் குழலும் இருக்கும். குழலின் உள்ளளவு போல்ட்டோடு சேர வேண்டும். 12 மில்லிமீட்டர் துளையில் 10 மில்லிமீட்டர் போல்ட்டைப் போட்டுத் தகரத்தைச் சுற்றி இறுக்கும் பழக்கம் இருக்கிறது. ஒரு மாதத்தில் தகரம் நைந்துவிடும், பிறகு ‘டக் டக்’ சத்தம். லேத்தில் கொடுத்து அளவாக ஒரு குழல் கடைந்து வாங்கினால் அதிகச் செலவில்லை. ஆனால் சேஸில் துளையைப் பெரிசாக்குவது, பிராக்கெட்டை அறுத்து வேறு இடத்தில் வெல்டிங் வைப்பது, இவை வேண்டவே வேண்டாம். அந்த பிராக்கெட்டில்தான் 250 கிலோ இறங்குகிறது என்று மேலே பார்த்தோம். பள்ளத்தில் அது இன்னும் பல மடங்காகும்.

சட்டமும் இங்கே குறுக்கே வரும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்சி மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு.

ஜோடி ஷாக்கில் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். இரண்டு பக்கமும் வேறுவேறாகத் தள்ளினால் ஸ்விங் ஆர்ம் முறுக்கும். சில ஷாக்குகளைத் தலைகீழாகவும் மாட்டக்கூடாது. இரட்டைக் குழாய் வகையில் எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் காற்று புகுந்துவிடும். மோனோஷாக்கின் ஸ்பிரிங்கைக் கருவி இல்லாமல் கழற்ற முயல வேண்டாம். அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் எகிறினால் முகத்தைப் பார்த்துத்தான் வரும். கேஸ் ஷாக்கைத் துளை போடுவதோ சூடு காட்டுவதோ கூடவே கூடாது.

மாற்றத்தான் வேண்டுமா?

பின்பக்கம் தூக்கிப் போடுகிறது என்று வருகிறவர்களின் வண்டியில் நான் முதலில் பார்ப்பது டயர் காற்று. பங்க்கில் கண்ணை மூடிக்கொண்டு நாற்பது அடித்துவிடுகிறார்கள். வண்டிப் புத்தகத்தில் தனியாக ஓட்ட, பின்னால் ஆள் வைத்து ஓட்ட என்று இரண்டு அளவு போட்டிருக்கும். அடுத்தது ஸ்டெப். எப்போதோ சாக்கு மூட்டை ஏற்றும்போது அஞ்சில் வைத்ததை யாரும் திரும்ப இறக்கியிருக்க மாட்டார்கள். பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை மூட்டை கட்டிப் போகும் வண்டிக்கும், காலேஜுக்குத் தனியாகப் போகும் பையன் வண்டிக்கும் ஒரே ஸ்டெப் எப்படிச் சரிப்படும்? மூன்றாவது ஸ்விங் ஆர்ம் புஷ். இது தேய்ந்தால் வரும் நெளிவை ஷாக்கின் தலையில் கட்டிவிடுவோம். இந்த மூன்றும் சரியாக இருந்து, ஷாக்கில் எண்ணெய் வழிந்த கறை தெரிந்தால், அதே வண்டியின் புது ஷாக்தான் முதல் மருந்து. எப்போதுமே சுமையோடு ஓடும் வண்டி என்றால், ஷாக்கை அப்படியே விட்டுவிட்டு ஒரு படி கனமான ஸ்பிரிங் கிடைக்கிறதா என்று தேடுவேன்.

வேறு வண்டி ஷாக் நியாயமாகும் இடங்களும் உண்டு. ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவரிடம் போய் அசலையே வாங்கு என்று சொல்வது எளிது. அது 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன வண்டி. நல்ல அசல் கிடைக்காதபோது, எடையில் நெருக்கமான, அதே ஜோடி ஷாக் அமைப்புள்ள, நீளமும் ஸ்ட்ரோக்கும் சேருகிற வண்டியின் ஷாக்கைத் தேடுவதில் தப்பில்லை. ஒரே கம்பெனி ஒரே சேஸில் செய்யும் அண்ணன் தம்பி வண்டிகளுக்கு இடையே மாற்றுவதும் பெரும்பாலும் தொல்லை தராது. பழைய சாமான் கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டில் உங்கள் ஷாக்கின் நீளம், ஸ்ட்ரோக், மேல் கீழ் துளை அளவு, புஷ்ஷின் அகலம், வண்டி எடை எழுதிக்கொண்டு போங்கள். கடைக்காரர் “இது எல்லாத்துக்கும் ஏறும் தம்பி” என்றால் சீட்டைக் காட்டுங்கள்.

மாட்டியபின் முதலில் ஸ்டெப்பைக் குறைந்த படியில் வைத்து அமுங்கலை அளங்கள். அளவைவிட அதிகமாக இறங்கினால் ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். செயினைப் புதிதாகச் சரிபாருங்கள், ஹெட்லைட்டைச் சுவரில் அடித்து உயரம் பாருங்கள். ஒரு வாரம் ஓடியதும் நாலு போல்ட்டையும் இன்னொரு தடவை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். என் வண்டியில் அதற்கு அவசியமே வரவில்லை. அம்மா பஸ்ஸில் வீடு வந்து சேர்வதற்குள் நான் பட்டறையில் நின்று பழைய ஷாக்கைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தேன்.